வென்ட்டு வாத்தியாரின் கைத்தட்டு

கிளாஸ்கோவுக்கு வந்து ஒரு வாரம் ஆவதற்குள் அப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த ஊர்க்காரர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. விலைக்கு வந்த நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'இதுல சோளம்கூட வராது' என்று சொல்கிறவரைப் போல வருத்தமும் உறுதியுமாகச் சொன்னார். காரணம் எங்கள் எதிர்வீட்டு ஜேனட். காலையில் குப்பைப் பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் நின்று, "லாஸ்ட் நைட் ஐ சீன் யுவர் லைட் ஆன்" என்றார். ராத்திரி உங்கள் வீட்டில் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன், எல்லோரும் நலம்தானே என்ற விசாரிப்பு. நான் பதில் சொல்லி அனுப்பினேன். அப்பா படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இந்தம்மா எந்த நாடு?"

"இந்த ஊருதாம்பா. பொறந்தது வளந்தது எல்லாம் இதே தெருவுல."

"அப்புறம் என்ன இப்படிப் பேசறாங்க? சீ, சா, சீன். நேத்து பாத்ததுக்கு 'சா'ன்னுதான வரணும்?"

வரணும்தான். ஆனால் இந்த ஊரில் உழைத்துப் பிழைக்கும் வீடுகளில் 'ஐ சீன்' என்பார்கள், 'ஐ டன்' என்பார்கள், 'ஐவ் வென்ட்' என்பார்கள். வந்த புதிதில் எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. மருத்துவமனை ஆய்வகத்தில் என்னோடு ரத்த மாதிரிகளைப் பிரித்து வைக்கும் பெண்கள் பேசுவதைக் கேட்டு, நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று பயந்தேன். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

கடத்தூரில் இதை வாசிக்கிறவர்களுக்கு அப்பாவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேர் அவரிடம் படித்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஓய்வு பெறும்வரை ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். ஊர் வைத்த பெயர் வென்ட்டு வாத்தியார். ஆங்கிலத்தில் நடந்து முடிந்ததைச் சொல்ல, பெரும்பாலான வினைச்சொற்களின் வாலில் ஓர் 'எட்' ஒட்டினால் போதும். அவை நல்ல பிள்ளைகள் என்பார் அப்பா. ஒரு கூட்டம் மட்டும் அந்த வழிக்கு வராது. 'கோ' என்பது ஒரே தாவில் 'வென்ட்' ஆகும், 'பிரிங்' என்பது 'பிராட்' ஆகும். அவை அடங்காப்பிடாரிகள். அவற்றைத் தனித்தனியாகக் கெஞ்சிக்கொண்டிருக்க முடியாது, மந்தையாக ஓட்டித்தான் பழக்க வேண்டும். அதற்காக அவர் ஒரு மெட்டு வைத்திருந்தார். கோ, வென்ட், கான். முதல் இரண்டு சமமாக, மூன்றாவது கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். காலை முதல் மணிக்கு அறுபது தொண்டைகள் சேர்ந்து பாடினால் சாலையில் போகிற கரும்பு லாரிக்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

மெட்டைவிட முக்கியம் கைத்தட்டு. வகுப்பில் யாராவது எழுந்து நின்று பேசும்போது வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னால், மொத்த வகுப்பும் ஒரே ஒரு தட்டு தட்டி, அந்தச் சொல்லின் மூன்று வடிவங்களையும் மெட்டோடு சொல்ல வேண்டும். சொன்னதும் அப்பா "வெரி குட்!" என்பார். தப்பு செய்தவனும் சிரித்துக்கொண்டே திருத்திச் சொல்லிவிட்டு உட்காருவான். பிரம்பையே தொடாத வாத்தியார் என்பதில் அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. "நான் ஒரு புள்ளைய அடிச்சது கெடையாது. கைதான் தட்டுனேன்" என்பதை எத்தனையோ பிரிவுபசார விழாக்களில் சொல்லியிருக்கிறார். நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்து கை தட்டியிருக்கிறேன், தட்டு வாங்கியும் இருக்கிறேன். யாரும் அழுததாக எனக்கு நினைவில்லை. அழுதவர்கள் வெளியே போய் அழுதிருப்பார்கள்.

அவரோடு தருமபுரிக்கு டவுன் பஸ்ஸில் போவது ஒரு வேடிக்கை. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே "சார், பிரிங், பிராட், பிராட்!" என்பார். அதுதான் வணக்கம். பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் அக்கா "சார், ஈட், ஏட், ஈட்டன். மல்லி வாங்கிக்கங்க" என்பார். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர், தாலுகா ஆபீஸ் கிளார்க், தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவர், எல்லோருக்கும் அவர் கொடுத்த வாய்பாடு நாக்கிலேயே இருந்தது. அதைத் தாண்டி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல அவர்களில் பலருக்கு வராது. அது அப்பாவின் குறையாக யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை. வாழ்க்கையில் அவர் நடந்துபோன எல்லா இடத்திலும் அவருடைய பாடம் எதிரே வந்து வணக்கம் சொன்னது. வேறு எந்த வாத்தியாருக்கு அது கிடைக்கும்?

அம்மா போன பிறகு வீட்டில் தனியாக இருந்தார். முதலாம் ஆண்டு திதிக்குப் போயிருந்த நான், ஆறு மாதம் இருந்துவிட்டு வாருங்கள் என்று கையோடு அழைத்து வந்தேன். பெங்களூரில் விமானம் ஏறும்வரை, இங்கிலீஷ்காரன் ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். இங்கே குடியேற்றச் சாளரத்தில் இருந்த அதிகாரி அவரைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டார். எங்கே தங்கப்போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள். அப்பா கழுத்தை நீட்டிக் கேட்டார். வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இரண்டுக்கும் பதில் சொன்னேன். வெளியே வந்ததும், "அவன் வாய்க்குள்ளயே பேசறான்" என்றார். நான் ஆமாம் என்றேன். அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் காட்சியை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஜேனட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபது வயது. என்னைவிட அவ்வளவு மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் கூசும், ஆனால் 'மிசஸ்' போட்டால் அவருக்குக் கோபம் வரும். ஒரே படிக்கட்டின் இரண்டு பக்கமும் எதிரெதிரே எங்கள் கதவுகள். என் கணவருக்கு வேலை அபர்டீனில், வெள்ளிக்கிழமைதான் வருவார். எனக்கு ஆய்வகம் விட ஐந்தாகும். பள்ளி மூன்றுக்கே விட்டுவிடும். என் மகள் மித்ராவுக்கு ஏழு வயது. அவள் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து, தன் பேத்தி எல்லியைக் கூட்டிவரப் போகும் ஜேனட் மித்ராவையும் கூட்டிவந்து, நான் வரும்வரை தன் வீட்டில் வைத்துக்கொள்வார். நான் ஒரு நாளும் கேட்டதில்லை, அவராகவே கூட்டிவருகிறேன் என்றார். ஜேனட் இல்லையென்றால் நான் வேலையை விட வேண்டியதுதான். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், ஆனால் அவர் அதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை. பதிலுக்கு நான் சனிக்கிழமைகளில் ஒரு கிண்ணம் புளிசாதம் கொடுப்பேன். அடுத்த நாள் கிண்ணத்தைக் கழுவி, அதில் தான் சுட்ட ஸ்கோன் ரொட்டி இரண்டை வைத்துத் திருப்பித் தருவார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நம் ஊர்ப்பக்கம் நினைப்பதை இவருக்கு யார் சொன்னார்கள் என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

அப்படி வளர்ந்த பிள்ளை எந்த ஆங்கிலம் பேசும்? ஒரு மாலை மித்ரா தாத்தாவிடம் போய், "தாத்தா, ஐ டன் மை ஹோம்வர்க்" என்றாள். அப்பா கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். தன் பேத்தி, ஆங்கிலம் பிறந்த மண்ணில் பிறந்தவள், கடத்தூர் ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்யாத தப்பைச் செய்கிறாள். மறுநாளே பாடம் தொடங்கிவிட்டது. டூ, டிட், டன். சீ, சா, சீன். மித்ராவுக்கு அது பாடமாகவே தெரியவில்லை. மெட்டு பிடித்தது. கைத்தட்டு அதைவிடப் பிடித்தது. வீட்டுக்குள் யார் எப்போது தப்புவார்கள் என்று காத்திருந்து தட்டினாள். தொலைக்காட்சியில் பந்தாட்டக்காரர்களின் பேட்டி வந்தால் தாத்தாவும் பேத்தியும் சோபாவில் தயாராக உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு பேட்டிக்கு நான்கைந்து தட்டாவது நிச்சயம்.

நான் தடுக்கவில்லை. அம்மா போன பிறகு அப்பா சத்தமாகச் சிரித்தது அந்த சோபாவில்தான். அது மட்டுமல்ல, எனக்கும் உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. இவர்களிடம் இத்தனை வருடம் 'சாரி?', 'பார்டன்?' என்று கேட்டுக் கேட்டுக் குனிந்த தலை எனக்கு. அவர்கள் மொழியை அவர்களைவிடச் சரியாக என் அப்பா பேசுகிறார் என்பதில் ஒரு பழிவாங்கல் ருசி இருந்தது. வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். 'ஸ்காட்லாந்துக்கே வாத்தியார் ஆயிட்டாரு பெரியப்பா' என்று தம்பிமுறைப் பையன் எழுதினான். ஆளாளுக்குக் கைத்தட்டல் படம் அனுப்பினார்கள்.

ஜேனட்டின் அறுபதாவது பிறந்த நாளுக்கு எங்களையும் அழைத்திருந்தார். அப்பா வேட்டி கட்டி வந்தார். சின்ன வரவேற்பறை, அதில் அவருடைய அக்காமார், மகள், பழைய தோழிகள் என்று நெருக்கியடித்த கூட்டம். எல்லோரும் கேட்டுக்கொண்டதால் ஜேனட் தன் கணவரை முதன்முதலில் பார்த்த கதையைச் சொல்லத் தொடங்கினார். அந்தக் கணவர் இறந்து நாளாகிறது. நடன அரங்கு ஒன்றில், கதவோரம், கோட்டைக் கழற்றாமல் ஒருவன் நிற்கிறான். "ஐ சீன் ஹிம் ஸ்டாண்டிங் தேர்" என்றார் ஜேனட்.

டப்பென்று ஒரு கைத்தட்டு. "சீ, சா, சீன்!"

மித்ராதான். கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டியிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள், ஜேனட்டும் சிரித்தார். குழந்தை ஏதோ பாட்டுப் பாடுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். நான் கண்ணால் அதட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஜேனட் கதையைத் தொடர்ந்தார். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள், போகாமல் நின்றேன் என்று சொல்ல வந்தார். "ஐ ஷுட் ஹாவ் வென்ட் ஹோம்" என்றார். மறுபடியும் தட்டு. "கோ, வென்ட், கான்!" இந்த முறை சோபாவின் மூலையிலிருந்து இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. கணீரென்ற, அறுபது பிள்ளைகளுக்குக் கேட்கிற குரல். "வெரி குட்!"

ஜேனட்டின் அக்கா குனிந்து, இது என்ன விளையாட்டு கண்ணு என்று மித்ராவிடம் கேட்டார். மித்ரா நல்ல பிள்ளையாக, தெளிவாக விளக்கினாள். ஜேனட் தப்பாகப் பேசும்போது நாங்கள் கை தட்டுவோம், தாத்தா சொல்லிக்கொடுத்தார், அம்மா அதை வீடியோ எடுப்பாள்.

அக்கா நிமிர்ந்து ஜேனட்டைப் பார்த்தார். அப்பா இன்னும் சிரித்த முகமாகவே இருந்தார், அவருக்கு அவள் பேசிய வேகம் புரியவில்லை. ஜேனட்டின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக் காது வரை போனதைப் பார்த்தேன். "வெல், ஷி இஸ் க்ளெவர்" என்றார். யாருக்காவது டீ வேண்டுமா என்று எழுந்து சமையலறைக்குப் போனார். அந்த மனிதர் கோட்டைக் கழற்றினாரா, நடனமாடினார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று நம்மவர்கள் சொல்வதை அன்றைக்குத்தான் உடம்பால் புரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை படியில் ஜேனட்டைப் பார்த்தேன். உன் அப்பாதான் இருக்கிறாரே, இனி அவரே மித்ராவைக் கூட்டிவரலாமே, தாத்தாவோடு நடந்து வர அவளுக்கும் பிடிக்கும் என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. எவ்வளவு நல்ல மனது, நமக்காக யோசிக்கிறாரே என்று நன்றி சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் சோற்று டப்பாவைத் திறந்தபோதுதான் உறைத்தது. இந்த ஊரில் யாரும் முகத்துக்கு நேரே கதவைச் சாத்த மாட்டார்கள். மெதுவாக, தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் சாத்துவார்கள்.

அன்று மாலையே புளிசாதக் கிண்ணத்தோடு போய்க் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். குழந்தை என்றேன், கிழவர் என்றேன், எங்கள் ஊர்ப் பழக்கம் என்றேன். ஜேனட் கதவுநிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "யூ ஆர் ஆல்ரைட்" என்றார். அதற்கு இங்கே வேண்டாம் என்றும் ஓர் அர்த்தம் உண்டு, பரவாயில்லை என்றும் ஓர் அர்த்தம் உண்டு. அவர் கிண்ணத்தை வாங்கவில்லை, அதனால் எது என்று புரிந்தது. நான் திரும்பும்போது அவர் சொன்னார். மித்ரா வயதில் நானும் பள்ளியில் இப்படித்தான் பேசுவேன், டீச்சர் தோல்வாரால் கையில் அடிப்பாள். வீட்டுப் பேச்சை வீட்டிலேயே விட்டுவிட்டு வா என்று அடிப்பாள். அதெல்லாம் முடிந்துபோயிற்று என்று நினைத்திருந்தேன். அந்த அடியே தேவலை என்றார். அடி வாங்கியபோது யாரும் சிரிக்கவில்லையாம்.

கிண்ணத்தைச் சமையல் மேடையில் வைத்தேன். அப்பா கேட்டார், "என்னம்மா, வாங்கிக்கலையா?"

எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்தே இருந்தது. சென்னையில் கல்லூரி விடுதியில் முதல் வாரம் நான் 'வூட்டுக்குப் போவணும்' என்று சொன்னபோது அறையே உருண்டு சிரித்தது. அதன் பிறகு நான் 'வூடு' என்ற சொல்லை நாக்கிலிருந்து சுரண்டி எடுத்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போய் 'வீடு' என்றதும் அத்தை மகள்கள் 'மெட்ராஸ்காரி வந்துட்டா' என்று சிரித்தார்கள். அப்பா இன்றுவரை வூடு என்றுதான் சொல்வார், அதில் அவருக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை. உங்கள் வூடு மாதிரிதான் ஜேனட்டின் 'ஐ சீன்' என்று சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். வாயில் வந்தது வேறு.

"ஏர்போர்ட்டுல ஒரு கேள்விக்கு உங்களால பதில் சொல்ல முடிஞ்சுதாப்பா? ஒரு வாக்கியம்? அவங்களுக்குப் போயி நீங்க இங்கிலீஷ் கத்துத் தர்றீங்களா?"

 நான் அந்த வேகத்திலேயே ஜேனட் சொன்னதையும் சொன்னேன், தோல்வாரையும் அந்தச் சிரிப்பையும்.

"அடிச்சதவிட இது வலிச்சுதாமா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"நான் ஒரு புள்ளையக்கூட அடிச்சதில்லயே கண்ணு" என்றார். எப்போதும் சொல்கிற வாக்கியம்தான், ஆனால் இந்த முறை கேள்வியாக முடிந்தது. நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். பின்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று திரும்பிப் பார்க்கவும் எனக்கு முகமில்லை.

அதற்குப் பிறகு அப்பா ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. கடைக்குப் போனால் சாமானை எடுத்து நீட்டுவார், தலையாட்டுவார், வந்துவிடுவார். மித்ரா மெட்டைத் தொடங்கினால், "வேணாஞ் சாமி, தமிழ்ல ஏதாச்சும் பேசலாம்" என்பார். மதியம் மூன்றுக்கு முன்பே கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்ப் பேத்தியைக் கூட்டிவருவார். பள்ளிக்கு நான் தகவல் சொல்லியிருந்தேன். பள்ளி விடும்போது ஆசிரியை வாசலில் நின்று, வந்திருப்பது யார் என்று பார்த்துத்தான் ஒவ்வொரு குழந்தையாக அனுப்புவார். மித்ராவின் ஆசிரியைக்கு அப்பாவைத் தெரியும். குல்லாவைப் பார்த்ததும் மித்ராவை அனுப்பிவிடுவார். பேச்சே தேவைப்படவில்லை.

ஒரு நாள் ஆய்வகத்தில் இயந்திரம் பழுதாகி எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். நேராகப் பள்ளிக்குப் போய் இரண்டு பேரையும் ஆச்சரியப்படுத்தலாம் என்று பஸ் ஏறினேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது சாலைக்கு எதிர்ப்புறம் பள்ளியின் கம்பி வேலிக்கு உள்ளே அப்பாவின் குல்லா தெரிந்தது. வாசலில் புதிய ஆசிரியை ஒருத்தி நின்றிருந்தாள், அன்றைக்கு மட்டும் வந்த மாற்று ஆசிரியை. அவளுக்குப் பின்னால் மித்ரா. ஆசிரியை ஏதோ கேட்கிறாள். நீங்கள் யார், இவளுக்கு என்ன உறவு என்பதாகத்தான் இருக்கும். அப்பா வாயைத் திறந்தார். மூடினார். கையை மார்பில் வைத்துக் காட்டினார், பிறகு மித்ராவைக் காட்டினார். ஆசிரியை மித்ராவின் தோளைப் பிடித்து ஓரடி உள்ளே இழுத்துக்கொண்டாள். மறுபடியும் கேட்டாள், இந்த முறை செவிடனிடம் கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. பின்னால் வரிசையில் நின்ற பெற்றோர்கள் எட்டிப் பார்த்தார்கள். மித்ரா அழத் தொடங்கினாள்.

நான் சாலையைக் கடக்கவில்லை. வண்டிகள் வந்ததால் நின்றேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சாலை காலியாகத்தான் இருந்தது. அந்த வரிசையில் நின்றிருந்தவர்களில் இரண்டு பேருக்கு என்னைத் தெரியும். மருத்துவமனையில் வேலை செய்கிறவள், நன்றாக ஆங்கிலம் பேசுகிறவள் என்று தெரியும். அந்தக் குல்லாக்காரர் என் அப்பா என்று அவர்கள் முன்னால் போய் நிற்க என் கால் எழவில்லை. பஸ் நிழற்குடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பெற்ற தகப்பன், பெற்ற பிள்ளை. ஐம்பதடி தூரம்.

வரிசையிலிருந்து ஜேனட் வெளியே வந்தார். எல்லியின் கையைப் பிடித்துக்கொண்டே நேராகப் போய் அப்பாவின் பக்கத்தில் நின்று, அவருடைய முழங்கையில் கையைப் போட்டுக்கொண்டார். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு முழுதாகக் கேட்கவில்லை, ஆனால் அந்தச் சத்தம் சாலை தாண்டி வந்தது. இவர் அவளுடைய கிராண்டா, தாத்தா, என் பக்கத்து வீட்டுக்காரர், தினமும் வருகிறார், பிள்ளையை விடு. அவருடைய அந்த ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆசிரியை உடனே வழிவிட்டாள். மித்ரா ஓடி வந்து தாத்தாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அப்புறம்தான் நான் போனேன். அப்போதுதான் வந்தவளைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். ஜேனட்டும் குழந்தைகளும் முன்னால் நடந்தார்கள், நானும் அப்பாவும் பின்னால்.

"சீக்கிரம் வுட்டுட்டாங்களா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. இப்பத்தான் எறங்குனேன்."

இரண்டு வீடுகளைத் தாண்டினோம். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ பஸ்ஸ வுட்டு எறங்கறப்பவே நான் பாத்துட்டேம்மா."

 ஏதாவது சொல்லிவிடலாம் என்று தேடினேன். தமிழில் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

"கூச்சமா இருந்துச்சா?" என்று கேட்டார். குத்தலே இல்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிற குரல். நான் தலை குனிந்து நடந்தேன். "இருக்குமில்ல" என்று அவரே சொல்லிக்கொண்டார். எங்கள் தெரு திரும்பும் இடத்தில், "அந்தம்மாவுக்கு நன்றி சொல்லிடு. எனக்கு வாய் வரல" என்றார். நான் எட்டி நடந்து போய் ஜேனட்டிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவரும் அந்த வரிசையில் நின்று சாலைப் பக்கம் பார்த்தவர்தான். திங்கட்கிழமையிலிருந்து மித்ராவை நானே கூட்டிவருகிறேன் என்று மட்டும் சொன்னார். என் வேலை தப்பியது. அதற்காகச் சந்தோஷப்பட முடியாமல் போனதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்வதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறு மாதம் முடிந்து அப்பா ஊர் திரும்பினார். விமான நிலையத்தில் மித்ராவை மட்டும் கட்டிப்பிடித்து வெகுநேரம் நின்றார். என் தலையில் கைவைத்து, "ஒடம்பப் பாத்துக்க" என்றார். ஊரில் இப்போதும் கண்டக்டர்கள் அவரைப் பார்த்து மெட்டுச் சொல்கிறார்களாம். முன்பெல்லாம் அவர் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பார். இப்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறார் என்று, குடும்பக் குழுவில் எழுதிய அந்தத் தம்பிமுறைப் பையன் சொன்னான். அங்கே கூட்டிப்போய் என்னக்கா பண்ணீங்க பெரியப்பாவ என்று விளையாட்டாகக் கேட்டான். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

மித்ரா மாறிவிட்டாள். பள்ளியிலிருந்து வந்ததும் மூச்சு விடாமல் கதை சொல்கிற பிள்ளை. இப்போது என்னிடம் ஆங்கிலத்தில் ஒன்று சொல்ல வந்தால் வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்கிறாள். என் கைகளைப் பார்க்கிறாள். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாலும் நிற்கிறாள். இன்றைக்கு என்னம்மா செய்தாய் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்கிறாள். நீ எப்படிச் சொன்னாலும் சரிதான் கண்ணு என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டுகிறாள், தாத்தா கடையில் ஆட்டுவது போல.

நேற்று வேலை முடிந்து படியேறி வந்தேன். ஜேனட்டின் கதவுக்கு அந்தப் பக்கம் மித்ராவின் குரல் கேட்டது. பூங்காவில் பார்த்த நரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐ சீன் இட், இட் கம், இட் ரன், வீ டன் திஸ், வீ டன் தட் என்று தடங்கலில்லாமல் ஓடியது பேச்சு. ஒரு சொல்லும் அப்பாவின் வாய்பாட்டில் அடங்காது. நடுநடுவே ஜேனட், நாம் 'அப்படியா?' என்பதுபோல, "ஆய்?", "ஆய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் பிள்ளை சிரித்தாள். கதவைத் தட்டக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றேன். நான் தட்டினால் அவள் நிறுத்திவிடுவாள். அந்த நேரம் பார்த்துப் பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். திரையில் அப்பா. சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகுமுன் பேத்தி முகத்தைப் பார்க்கக் கூப்பிடுகிற நேரம். எடுத்தால் என் குரல் உள்ளே கேட்கும். கைபேசியை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது அதிர்ந்து ஓயும்வரை, நரி என்ன செய்தது என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.